நார்த்தூளில் ஒரு நடைபாதை

"தேங்கா நாருல மெத்த தைக்கலாம் தாயி. நடக்குறதுக்குப் பாத போடலாம்னு எந்தப் பொஸ்தகத்துல படிச்ச?"

இப்படிக் கேட்டவர் என் சித்தப்பா. மீசை முளைத்த காலத்திலிருந்தே கொத்தனார். திண்டுக்கல்லுக்கு வெளியே நாங்கள் கட்டிய இந்தச் சின்ன வீட்டின் சுவர்கள் எல்லாம் அவர் எழுப்பியவைதான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர், கை கழுவக் கொல்லைப் பக்கம் போனார். அங்கே நான் இறக்கி வைத்திருந்த மூட்டையைக் காலால் ஒரு தட்டு தட்டினார். சிமென்ட் மூட்டை என்று நினைத்திருப்பார் போல. மூட்டை புஸ்ஸென்று உள்வாங்கி, வாய்ப்பக்கம் பிரிந்து, அவர் காலெல்லாம் பழுப்புத் தூளைக் கொட்டியது. வேட்டியை உதறிக்கொண்டேதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"பொஸ்தகத்துல இல்ல சித்தப்பா, போன்ல பாத்தேன்."

"அதான பாத்தேன். எங்க வீட்லயும் ஒருத்தி போனப் பாத்துத்தான் தோச சுடுறா. இன்னும் ஒண்ணுகூட வட்டமா வரல."

சமையலறைக்குள் அம்மா சிரிப்பது கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அந்த மூட்டையை விளையாட்டுக்கு வாங்கி வரவில்லை.

அப்பாவின் இடது காலில் சுண்டுவிரல் கிடையாது. சர்க்கரை நோய் வந்து பல வருடம் ஆகி, கால் மரத்துப்போயிருந்தது. கொல்லையில் நடக்கும்போது ஒரு கருவேல முள் ஏறியிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் காலைத் தூக்கிப் பார்த்தோம். விரலை எடுத்த டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்: "வலிக்கலைன்னா புண்ணு இல்லைன்னு நெனச்சுக்காதீங்க. இவருக்கு இனிமே வலி சொல்லாது. இன்னொரு புண்ணு இதே மாதிரி ஆழமா போச்சுன்னா, அது விரலோட நிக்காது." பிறகு சர்க்கரை நோயாளிகள் போடும் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு ஒன்றை எழுதிக் கொடுத்தார். வீட்டுக்குள்ளும் வெளியிலும் அதைக் கழற்றவே கூடாது என்றார்.

சீட்டில் இருந்ததை அவர்களுக்கு வாசித்துக் காட்டியது நான். எங்கள் வீட்டில் எதையும் வாசித்துக் காட்டுவது நான்தான். அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடத்து வாசலை எனக்காகத்தான் முதன்முதலில் மிதித்தார்கள். நான் எழுத்துக் கூட்டத் தொடங்கிய நாளிலிருந்து உரச்சாக்கு, மாத்திரை அட்டை, கரண்ட் பில், பஸ்ஸின் நெற்றிப் பலகை என்று எதைக் கண்டாலும் அவர்கள் என் பக்கம் திரும்புவார்கள். நான் சத்தமாக வாசிப்பேன். இன்று ஒரு பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும் என்று தோழிகள் கேலி செய்வார்கள். உயரட்டும்.

செருப்பை அப்பா மறுக்கவில்லை. கடைக்குப் போனால் போட்டுக்கொண்டார், மாதா கோயில் வாசல் வரை போட்டுக்கொண்டார், வீட்டுக்குள்ளும் போட்டுக்கொண்டார். கொல்லையில் மட்டும் கழற்றிவிடுவார். அங்கேதான் முள் ஏறியது என்பது அவருக்கும் தெரியும்.

ஆனால் அது அவருக்குக் கொல்லை இல்லை, பூந்தோட்டம். காலமெல்லாம் நிலக்கோட்டைப் பக்கம் அடுத்தவர் மல்லிகைத் தோட்டங்களில் கூலிக்குப் பூப் பறித்தவர் அவர். சொந்தமாக ஒரு மனை வாங்கியதும், வீடு போக மிச்சமிருந்த இடம் முழுவதும் மல்லிகைப் பதியன் வைத்தார். ஓரத்தில் கனகாம்பரம், மூலையில் ஒரு முல்லைப் பந்தல். பூந்தோட்டத்துக்குள் செருப்போடு போவது எங்கள் பக்கத்தில் யாரிடமும் இல்லாத வழக்கம். சாமிக்குப் போகிற பூ. அது மாதாவுக்குப் போகிறதா மாரியம்மனுக்குப் போகிறதா என்று பறிக்கிறவர் கேட்பதில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போவார், அவ்வளவுதான். விடியற்காலையில் மொட்டுப் பறித்து, முதல் கைப்பிடியை வீட்டு மாதா படத்துக்கு வைத்துவிட்டுத்தான் அப்பா காப்பி குடிப்பார். விரல் போன பிறகும் அதை ஒரு நாள் விடவில்லை.

மண்ணையும் சொல்ல வேண்டும். சிறுமலை அடிவாரம் வரை செம்மண் என்றாலும், எங்கள் மனை பழைய குளத்தின் ஓரம். கரிய களிமண். மழை பெய்தால் காலில் அப்பம் அப்பமாக ஒட்டும். வெயில் அடித்தால் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். குளத்தங்கரைக் கருவேல முள்ளெல்லாம் காற்றில் வந்து அந்த வெடிப்புகளில் ஒளிந்துகொள்ளும். மனையை மேடாக்கக் கொட்டிய இடிந்த வீட்டுச் சல்லியும் ஓட்டுத் துண்டுகளும் மழைக்கு மழை மேலே வரும். கறுப்பு மண்ணில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

அதனால்தான் ஒரு பாதை போட நினைத்தேன். சமையலறைக் கதவிலிருந்து முல்லைப் பந்தல் வரை, செடிகளுக்கு நடுவே. பாதை இருந்தால் செருப்போடு நடப்பார் என்பது என் கணக்கு.

சித்தப்பாவிடம் முதலில் சொன்னபோது, "ஒரு நாள் வேல. ஜல்லி போட்டு கான்கிரீட்டா இழுத்துவிட்டுர்றேன்" என்றார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. கான்கிரீட் போட்டால் மல்லிகை வேருக்கு மூச்சு முட்டும் என்றார். எனக்கும் கான்கிரீட்டில் நம்பிக்கை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் காம்பவுண்டுக்குள் போட்ட சிமென்ட் தளத்தை இந்த மண் ஒரே மழையில் தூக்கி, அடுத்த வெயிலில் நடுவாகப் பிளந்ததைப் பார்த்திருக்கிறேன். பலகை போன்ற பட்டியக்கல் வாங்கலாம் என்றால் அதை நானும் அம்மாவும் தூக்க முடியாது. செடிக்குத் தண்ணீர் போகும் டியூப் அடியில் ஓடுகிறது. அதில் ஓட்டை விழுந்தால் கல்லைப் பெயர்க்க ஆள் தேட வேண்டும். எனக்கு வேண்டியது ஒரு பெண் தனியாகத் தூக்கி வைக்கக்கூடிய கல்.

போனில் ஒரு வெளிநாட்டுக்காரி அப்படித்தான் செய்து காட்டினாள். சிமென்ட், மணல், அதோடு ஏதோ ஒரு சதுப்பு நிலத்துத் தூள். ஜல்லிக்குப் பதில் அந்தத் தூளைக் கலந்தால் கல் பாதி எடைகூட வராதாம். அந்தத் தூளுக்கு நான் எங்கே போவேன்? பார்ப்பதற்கு நம் ஊர்த் தேங்காய் நார்த்தூள் மாதிரியே இருந்தது. வத்தலக்குண்டு சாலையில் ஒரு கயிறு ஆலை வாசலில் அது மலையாகக் குவிந்து கிடக்கும். அள்ளிக்கொண்டு போகிறேன் என்றால் சந்தோஷப்படுவார்கள். அப்படி வந்ததுதான் சித்தப்பா உதைத்த மூட்டை.

அடுத்த சனிக்கிழமை வேலையைத் தொடங்கினேன். பழைய பிளாஸ்டிக் பேசின்களில் வடை சுட்ட எண்ணெயைத் தடவி, கலவையை உள்ளங்கை உயரத்துக்கு நிரப்பி, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடினேன். கலவை குழைக்கும்போது நிறம் அழகாக, ராகிக் களி மாதிரி இருந்தது. தினமும் பள்ளிவிட்டு வந்ததும் முதல் வேலை சாக்கை நனைப்பது. ஒரு வாரம் கழித்து, சித்தப்பாவும் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, ஒரு பேசினைக் கவிழ்த்துத் தட்டினேன்.

வட்டமாகத்தான் விழுந்தது. விழுந்த வேகத்தில் உதிர்ந்தது.

அம்மா குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். "புட்டு நல்லா வந்திருக்கு. கொஞ்சம் தேங்காப்பூவும் சீனியும் போட்டாச் சாப்ட்ரலாம்" என்றாள்.

"சிமெண்டு சரியில்லையோ என்னமோ" என்றார் அப்பா, எனக்காக.

"சிமெண்டு நல்ல சிமெண்டுதான். குழைச்ச ஆளு டீச்சரு" என்றார் சித்தப்பா.

மற்ற பேசின்களும் அதே கதைதான். அன்று சாயங்காலம் அத்தனையையும் குப்பையில் கொட்டிவிட்டு, பேசின்களைக் கழுவப் போனேன். அப்போதுதான் வாளியைக் கவனித்தேன். கலவைக்காக நார்த்தூளை நனையப் போட்ட வாளி அது. தண்ணீர் கறுத்த தேநீர் நிறத்தில் இருந்தது. வாளியின் உள்பக்கம் முழுக்கக் கறை. தேய்த்தால் போகாத கறை.

கறை என்றால் வேதியியல் படித்தவளுக்கு ஒன்று தோன்ற வேண்டும். தோன்றியது. அந்தத் தண்ணீரைத் தேன் குப்பி ஒன்றில் அடைத்து மறுநாள் பள்ளிக்குக் கொண்டுபோனேன். மதிய இடைவேளையில் ஆய்வகத்தில் யாரும் இல்லை. சோதனைக் குழாயில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டிருந்தபோது தமிழாசிரியை எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், டிகாஷனா? எனக்கும் ஒரு டம்ளர்."

"குடிச்சீங்கன்னா துவர்ப்புல நாக்கு ஒட்டிக்கிரும் டீச்சர்."

ஃபெரிக் குளோரைடு இரண்டு சொட்டு விட்டேன். பழுப்புத் தண்ணீர் ஒரு நொடியில் பச்சைக் கறுப்பாக, பேனா மை மாதிரி இருண்டது. வருடா வருடம் பிள்ளைகளுக்குச் செய்து காட்டும் சோதனைதான். விடையைப் புத்தகத்தில் எழுதச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அன்று அந்தக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு மணி அடிக்கும் வரை நின்றேன். தேயிலையில் துவர்ப்பாக இருக்கிறதே, அந்த டானின்தான். பச்சை நாரில் அது நிறைய இருக்கிறது. கொஞ்சம் சர்க்கரையும் இருக்கிறது. இரண்டுமே சிமென்ட்டை இறுக விடாதவை. அந்த வெளிநாட்டுக்காரியின் தூள் வேறு, என் தூள் வேறு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்ததை நான் ஒன்றென்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது அம்மாவின் காதில் ஒரே ஒரு சொல்தான் விழுந்தது. "சக்கரையா? இந்தப் பாழாப்போன சக்கர சிமெண்டயும் விடலையா?"

மருந்து எளிது. நார்த்தூளைக் கழுவ வேண்டும், தண்ணீர் தெளிந்து வரும்வரை. ஆனால் திண்டுக்கல்லில் இருந்துகொண்டு அதைச் சொல்வது எளிது, செய்வது அப்படி இல்லை. குழாயில் தண்ணீர் வருகிற நாளுக்காகக் குடங்களைக் கழுவிவைத்துக் காத்திருக்கிற தெரு எங்களுடையது. நான் இரண்டு வாளி கழுவுவதற்குள் அம்மா வந்து நின்றுவிட்டாள்.

"ஏப்புள்ள, மனுசன் குளிக்கவே தண்ணி இல்ல. நீ நாரக் குளிப்பாட்டிக்கிட்டிருக்க."

நிறுத்திவிட்டேன். மூட்டை ஒரு மாதம் போல மூலையில் கிடந்தது. அந்த மாதத்தில் அப்பா தினமும் வெறுங்காலோடு தோட்டத்துக்குப் போய்வந்தார். தினமும் நான் அவர் பாதத்தைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்தேன். "குதிரைக்கு லாடம் பாக்குற மாதிரி பாக்குறா" என்று அவர் சிரிப்பார். ஒரு நாள் மறந்தால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு.

ஐப்பசியில் மழை பிடித்தது. மொட்டைமாடித் தண்ணீர் குழாய் வழியாகக் கொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. நார்த்தூளை வெங்காயச் சாக்குகளில் பிரித்துக் கட்டி, அந்தக் குழாய்க்கு அடியில் செங்கல் மேல் அடுக்கிவைத்தேன். முதல் நாள் வழிந்த தண்ணீர் கறுப்பு. பிறகு காப்பி, பிறகு தேநீர். மழை விட்டு விட்டுப் பெய்த அந்த நாள்களில் பள்ளியிலிருந்து வந்ததும் குடையைக்கூட மடக்காமல் அங்கேதான் போவேன். ஒரு சாயங்காலம் அம்மாவே வாசலில் நின்று சொன்னாள்: "ஒன் நாரு வெள்ளத் தண்ணி விட்ருச்சு." ஒரு டம்ளரில் பிடித்துவைத்திருந்தாள்.

இன்னொரு காரியமும் அந்த மழை செய்தது. கற்களை எவ்வளவு தூரம் விட்டு வைப்பது என்று நான் குழம்பிக்கொண்டிருந்தேன். போனில் காட்டிய இடைவெளி யாரோ நெடிய ஆளின் நடைக்கு. ஒரு காலையில் மழை விட்டதும் அப்பா பூப் பறித்துவிட்டு வந்திருந்தார். அவர் போன வழி முழுவதும் சேற்றில் தடம் பதிந்திருந்தது. வலது பாதத்தில் ஐந்து விரல், இடது பாதத்தில் நான்கு. விரலை எடுத்த பிறகு இடது காலை அவர் குறுக்காக வைக்கிறார் என்பதும், அந்த எட்டு சின்னது என்பதும் அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு தடத்தின் நடுவிலும் ஒரு வேப்பங்குச்சியைக் குத்தினேன். பாதைக்கு அதுதான் வரைபடம்.

இரண்டாவது தடவை வார்த்தபோது சித்தப்பா சொல்லாமல் வந்தார். கையில் ஒரு சுருள் கோழிவலை. "நடுவுல இதக் கத்தரிச்சுப் போடு. ஒடஞ்சாலும் கலைஞ்சு போகாது" என்றார். பிறகு, அது அறிவுரை இல்லை என்று காட்டுவதற்காக, "எப்பிடியும் ஒடையத்தான் போகுது" என்றும் சேர்த்துக்கொண்டார். காய்வதற்கு முன்னால் அம்மா தென்னந்துடைப்பத்தால் மேலே வரிவரியாகக் கீறிவிட்டாள், வழுக்காமல் இருக்க.

அடுத்த வாரம் பேசினைக் கவிழ்த்தபோது, இந்த முறை டொக்கென்று சத்தம் கேட்டது. சித்தப்பா அதன் மேல் ஏறி நின்றார். இறங்கினார். ஒரு தடவை குதித்தும் பார்த்தார். வட்டம் அப்படியே இருந்தது. அவர் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தார். அம்மா ஒரு வட்டத்தைக் குடம் மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு முல்லைப் பந்தல் வரை நடந்து போனாள். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு மிதப்பு.

"இம்புட்டு லேசா இருந்தா, களவாணிப்பய ஒருத்தன் வந்து அம்புட்டையும் சைக்கிள்ல கட்டிட்டுப் போயிருவான்" என்றார் சித்தப்பா.

"உங்க வீட்டுக்குத்தான கொண்டாந்து விப்பான், நீங்களே வாங்கிப் போட்டுக்கங்க" என்றேன்.

ஒவ்வொரு குச்சியின் இடத்திலும் களிமண்ணை ஒரு சாண் தோண்டி எடுத்துவிட்டு, செம்மண் சரளையும் மணலும் நிரப்பி, அதன் மேல் வட்டத்தை உட்காரவைத்தேன். மண் வீங்கினாலும் சுருங்கினாலும் சரளை தாங்கிக்கொள்ளும். ஒரு கல் சாய்ந்தால் அதை மட்டும் தூக்கிச் சரி செய்துகொள்ளலாம். கடைசி வட்டத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, கறுப்பு மண்ணில் சாம்பல் நிற வட்டங்கள் வலது இடது வலது இடது என்று பந்தல் வரை போயிருந்தன. நான் படித்த படிப்புக்கு இதுவரை கிடைத்த எந்தச் சான்றிதழும் எனக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்ததில்லை.

மறுநாள் விடியலில் அப்பா வந்தார். சமையலறைக் கதவருகே குழாயடியில் எம்.சி.ஆர். செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரமாக வைத்துவிட்டு, முதல் வட்டத்தில் வெறுங்காலை வைத்தார்.

"அப்பா, செருப்பு."

"எங்க போறேன்? தோட்டத்துக்குத்தான தாயி."

"செருப்போட நடக்கணும்னுதானப்பா இம்புட்டையும் போட்டது."

"பாத நல்லாருக்கு. என் எட்டுக்கே போட்ருக்க. ஆனா அது பூவுக்குள்ளதான போகுது? தெருவெல்லாம் மிதிச்ச செருப்ப மாட்டிக்கிட்டுப் பறிச்ச பூவ மாதாவுக்கு வைக்கச் சொல்றியா?"

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. டாக்டர் சொன்னதை மறுபடி சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, வெறுங்காலோடு நடந்து போனார். போதாததற்கு, கனகாம்பரத்துக்குக் கை எட்டாமல் வட்டத்திலிருந்து மண்ணிலும் இறங்கினார். அன்று பள்ளியில் பிள்ளைகளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

மார்கழியில் ஒரு காலை. பல் துலக்கிக்கொண்டே கொல்லைக் கதவைத் திறந்தேன். அப்பா பூப் பறித்து முடித்து உள்ளே போய்விட்டிருந்தார். பந்தலிலிருந்து வீட்டுப் பக்கம் வரும் மூன்றாவது வட்டத்தில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. கனகாம்பரம் உதிர்ந்து மிதிபட்டிருக்கிறது என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன். அடுத்த இடது வட்டத்திலும் இருந்தது, கொஞ்சம் மங்கலாக. அதற்கடுத்ததிலும்.

வாய் கொப்பளிக்காமல் உள்ளே ஓடினேன். அப்பா மாதா படத்துக்கு முன்னால் நின்று பூ வைத்துக்கொண்டிருந்தார். "கால்ல ரத்தம்ப்பா" என்றேன். அவர் குனிந்து பார்த்து, வேறு யாருடைய காலையோ பார்ப்பது மாதிரி, "எனக்கா?" என்றார்.

இடது பாதத்தில் ஒரு ஓட்டுத் துண்டு கிழித்திருந்தது. கனகாம்பரத்துக்காக மண்ணில் இறங்கியபோது நேர்ந்திருக்க வேண்டும். பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கட்டுப் போட்ட நர்ஸ், "கால் மரத்துப்போனவங்க யாரும் இம்புட்டு வெரசா வர மாட்டாங்க. எப்பிடித் தெரிஞ்சுச்சு?" என்று கேட்டார்.

"கல்லுல தெரிஞ்சுச்சு" என்றார் அப்பா. நான் சொல்வதற்கு முன்னால் அவரே சொன்னார்.

டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு, மேலோட்டமானதுதான், ஆறிவிடும் என்றார். போன தடவை கறுப்பு மண் எதையும் காட்டவில்லை. இந்தத் தடவை கல் காட்டிவிட்டது. ஆட்டோவில் திரும்பும்போது எனக்குள் பெருமையும் கலக்கமும் மாறி மாறி வந்தன. நான் போட்ட பாதை அவர் காலைக் காட்டிக்கொடுத்தது. காப்பாற்றவில்லை. அடுத்த காயம் கல்லில் படாமல் போனால்?

புண் ஆறும்வரை அப்பா தோட்டத்துக்கு இறங்கக் கூடாது. சமையலறைக் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அம்மா பறிப்பதை மேற்பார்வை பார்த்தார். "அந்த மொட்டு நாளைக்கு உள்ளது, விடு" என்று அங்கிருந்தே அதட்டுவார். ஒரு நாள் அம்மா பூக்கூடையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்துவிட்டு, எதிரே படியில் உட்கார்ந்தாள். நான் உள்ளே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"இந்தாங்க, ஒண்ணு கேக்குறேன். கலியாணமான புதுசுல ரெண்டு பேரும் நெலக்கோட்டப் பக்கம் பூவெடுக்கப் போனமே. செருப்ப எங்க கழட்டுவோம்?"

"தோட்டத்துலதான்."

"தோட்டத்துல எங்க?"

அப்பா யோசித்தார். "வரப்ப விட்டுப் பாத்திக்குள்ள எறங்குற எடத்துல."

"அப்ப வரப்பு மேல?"

"வரப்பு மேல செருப்போடதான் வருவோம். முள்ளாக் கெடக்குமே."

"அந்த வரப்பும் பூவுக்கு நடுவுலதான போச்சு?"

அம்மா என் வட்டங்களைக் கையால் காட்டினாள். "அப்ப இது என்ன?"

"பாத."

"பாதன்னு அவ சொல்றா, படிச்ச பிள்ள. எனக்கு வரப்பாத்தான் தெரியுது."

சிவப்புப் பேனா என் கையில் அப்படியே நின்றது. கலவைக்கும் கழுவலுக்கும் சரளைக்கும் இவ்வளவு மெனக்கெட்ட நான், முதல் நாளிலிருந்து அதை நடைபாதை, நடைபாதை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். பாதை தெருவோடு சேர்ந்தது. வரப்பு தோட்டத்தோடு சேர்ந்தது. அதில் செருப்போடு நடப்பது அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த காரியம்.

அப்பா நாற்காலியிலிருந்து பந்தல் பக்கம் கையை நீட்டிப் பார்த்தார். "வரப்புன்னா ரெண்டு பக்கமும் கை எட்டணும்ல. கனகாம்பரத்துக்கு எட்டலையே. எறங்கித்தான ஆகணும்?"

அம்மா ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். அது மறுப்பு இல்லை என்று எங்கள் இருவருக்கும் புரிந்தது. அவர் குறை சொல்லத் தொடங்கிவிட்டார். தன்னுடையது என்று நினைக்கிற காரியத்தில்தான் அவர் குறை சொல்வார்.

தை பிறந்து, கட்டைப் பிரித்து, டாக்டரும் சரி என்ற பிறகு ஒரு காலை. அப்பா குழாயடிக்கு வந்தார். பழக்கத்தில் கால் செருப்பிலிருந்து பாதி வெளியே வந்துவிட்டது. சற்று நேரம் அப்படியே நின்றார். காலை மறுபடி உள்ளே நுழைத்துக்கொண்டு, முதல் வட்டத்தில் ஏறினார். ரப்பர் செருப்பு சிமென்ட்டில் படும் சத்தம் எங்கள் தோட்டத்துக்குள் அதுவரை கேட்டதில்லை. மல்லிகை வரிசை முழுவதும் வட்டத்தில் நின்றே பறித்தார். கனகாம்பரத்துக்கு வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார். மண்ணில் இறங்கவில்லை. "தாயி, இந்தப் பக்கம் நீ பறி" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்து, அப்பா செருப்போடு தோட்டத்துக்கு நடுவில் நிற்பதைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, ஊர் வழக்கமெல்லாம் மாறிப்போச்சு" என்றார்.

"வரப்புடா இது" என்றார் அப்பா. "குறுக்கு வரப்பு இன்னும் பாக்கி இருக்கு."

நேற்றுச் சாயங்காலம் குறுக்கு வரப்புக்கான வட்டங்களை வார்த்தேன். செடிகளுக்கு இடையில் நுழைய வேண்டும் என்பதால் இவை கொஞ்சம் சிறியவை. இன்று காலை ஈரச் சாக்கை விலக்கி விரலால் அழுத்திப் பார்த்தேன், தடம் பதியவில்லை, இறுகியிருந்தது. அப்பா வரப்பில் நின்று கையை நீட்டிக் காட்டிய இடங்களில், கனகாம்பர வரிசைக்கு நேராகக் குழி தோண்டிச் சரளையைக் கொட்டி மிதித்துவிட்டு, நகத்தில் மண்ணோடுதான் பள்ளிக்குப் போனேன்.